சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: 15,349 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா?

கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா முதல்முறையாக நியூயார்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குத் தனியாகப் போகிறார். நேரடி விமானம். கேள்வி இதுதான்: "தூரம் ஒரு இடத்தில் 15,349 கி.மீ. என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் 16,700 கி.மீ. பயண நேரமும் 17 மணி 50 நிமிடம், 18 மணி 40 நிமிடம், 19 மணி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? நடுவில் ஓர் ஊரில் இறங்கிப் போனால் எவ்வளவு கூடும்?"

எல்லாமே சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். 15,349 என்பது பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய இடைவெளி. அது என்றைக்கும் மாறாது. 16,700 என்பது விமானம் உண்மையில் போகும் வழியின் நீளம். அது நாளுக்கு நாள் மாறும். நேரம் இந்த இரண்டையும் விடக் காற்றைத்தான் அதிகம் நம்பி இருக்கிறது. நான் சில ஆண்டுகள் டிஸ்பாட்ச் வேலையில் இருந்தவன். விமானம் எந்த வழியில் போகவேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்றவேண்டும் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற வேலை. அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தூரம். இதை நீங்களே ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம், எந்த இணையதளமும் வேண்டாம். வீட்டில் பூமி உருண்டை இருந்தால் ஒரு தையல் நூலை எடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூர் மேலும் மறுமுனையை நியூயார்க் மேலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. நேராக வடக்கே ஏறும். கம்போடியா, சீனாவின் நடுப்பகுதி, மங்கோலியா, பைக்கால் ஏரி, சைபீரியா என்று போய், வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் நெருங்கி, அந்தப் பக்கம் கனடாவின் பனித்தீவுகள், கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்கும். காரணம் எளிது. சாங்கி விமான நிலையம் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. மேற்கே 74 பாகையில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 178 பாகை. பூமியைச் சுற்றினால் 360 என்றால், இது கிட்டத்தட்ட சரிபாதி. நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கும் ஊருக்குக் குறுக்குவழி உச்சந்தலை வழியாகத்தான்.

சரி, கணக்கு. சாங்கி வட அட்சம் 1.36 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 90 கழித்தல் 1.36, அதாவது 88.64 பாகை. ஜே.எஃப்.கே. 40.64 பாகை. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 பாகை. கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். 138 பெருக்கல் 60, ஆக 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால், 15,335 கி.மீ. வந்துவிட்டது. அச்சில் இருக்கும் 15,349க்கும் நம் கணக்குக்கும் 14 கி.மீ.தான் வித்தியாசம். பூமி சரியான பந்தாக இல்லாமல் துருவங்களில் கொஞ்சம் அமுங்கி இருப்பதுதான் அதற்கு முக்கியக் காரணம்.

இதே கணக்கு இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடும். நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே நுவார்க் என்று இன்னொரு விமான நிலையம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து அதற்கும் நேரடி விமானம் உண்டு. ஜே.எஃப்.கே.யிலிருந்து மேற்கே 30 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து அதன் தூரம் 15,344 கி.மீ., வெறும் ஐந்து கி.மீ. குறைவு. வடக்கிலிருந்து இறங்கி வரும்போது கிழக்கு மேற்கு வித்தியாசம் கணக்கிலேயே வராது. அட்சரேகையில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் பேசும். நுவார்க் 0.05 பாகை வடக்கே இருக்கிறது, அந்த ஐந்து கி.மீ. அங்கிருந்து வருவதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு அழகான குறுக்குவழி இருக்கும்போது, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை. வடகிழக்காகத் திரும்பி, தைவான், ஜப்பான் பக்கம் போய், வட பசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நுழைந்து, கண்டத்தைக் குறுக்கே தாண்டி நியூயார்க் சேர்கிறது. அப்படிப் போகும்போது வழியின் நீளம் 16,700 கி.மீ. வரை வரும். 1,300 கி.மீ.க்கு மேல் சுற்று. சென்னையிலிருந்து மும்பை போவதைவிட அதிகம். யாராவது வேண்டுமென்றே இவ்வளவு சுற்றுவார்களா என்று தோன்றும். சுற்றுவார்கள், காற்று அங்கே இருக்கிறது.

30,000 அடியிலிருந்து 40,000 அடி வரையிலான உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேல் அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். இதை முதலில் அளந்து பார்த்தவர் வசாபுரோ ஓஇஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் தத்தேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எந்த உயரத்தில் எவ்வளவு வேகமாக இழுத்துச் செல்லப்படுகின்றன என்று குறித்துவைத்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926இல் தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே அதிகம் பேர் படிக்காமல் போனார்கள் என்பது வருத்தமான விஷயம். 1944இல் ஜப்பானுக்கு மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு குறி தவறிய பிறகுதான் மற்ற உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது.

டிஸ்பாட்சில் எங்கள் கைக்கு வரும் பயணத் திட்டத்தில், வழியில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் காற்றுக்கென்று ஒரு கட்டம். 'பி 062' என்று இருந்தால் பிளஸ், 62 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று முதுகைத் தள்ளுகிறது என்று அர்த்தம். 'எம் 038' என்றால் மைனஸ், 38 நாட் எதிரே அடிக்கிறது. பழகியவர்கள் திட்டம் கைக்கு வந்தவுடன் தூரத்தைப் பார்க்கமாட்டார்கள். கண் நேரே அந்தக் காற்றுக் கட்டத்துக்குத்தான் ஓடும். பி, பி, பி என்று இறங்கிக்கொண்டே போனால் நிம்மதி.

ஓடும் ஆற்றில் படகு விடுவது மாதிரிதான் இது. விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் மணிக்கு சுமார் 900 கி.மீ. போகும். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரைக்கு மேலே அதன் வேகம் கூடும் அல்லது குறையும். 16,700 கி.மீ. வழியை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லை என்றால் 18 மணி 33 நிமிடம். சராசரியாக 50 கி.மீ. வேகத்தில் பின்காற்று கிடைத்தால் 17 மணி 35 நிமிடம். அதே 50 கி.மீ. எதிர்க்காற்றாக இருந்தால் 19 மணி 39 நிமிடம். வழி ஒன்றுதான், தூரம் ஒன்றுதான், விமானம் ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நீங்கள் பார்த்த 17.50, 18.40, 19 எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன.

காற்று எவ்வளவு செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாக ஆறரை மணிக்குப் பக்கம் ஆகும். வழியில் ஓரிடத்தில் தரைக்கு மேல் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. எஞ்சின் ஒன்றும் கூடுதலாக உழைக்கவில்லை.

நீங்கள் கணக்கில் கெட்டியாக இருந்தால் ஒரு கேள்வி கேட்பீர்கள். 15,349ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி 3 நிமிடம்தானே, காற்றே இல்லாவிட்டாலும் துருவ வழிதானே முந்துகிறது என்று. காகிதத்தில் உண்மை. ஆனால் அந்த நூல் கோட்டின் மேல் பறக்க, பல விஷயங்கள் ஒன்றாக ஒத்துவர வேண்டும்.

முதல் விஷயம், வானமும் நிலம் மாதிரிதான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். சீனாவுக்கு மேல் நினைத்த இடத்தில் நேர்கோடு போட முடியாது, அவர்கள் வகுத்த வழித்தடங்களில்தான் போகவேண்டும். ரஷ்ய வான்வெளி 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நாட்டு நிறுவனங்களுக்கு மூடிவிட்டது. அதில் அதிகம் அடிபட்டது ஃபின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை, பத்து மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள், ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் பறக்கவேண்டியதாயிற்று. ஊர்கள் நகரவில்லை, தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. நமக்குப் பக்கத்திலும் இதே கதைதான். 2019இல் சில மாதங்களும், பிறகு 2025 ஏப்ரலிலிருந்தும் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதால், டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்களின் நேரம் நீண்டது.

இரண்டாவது, குளிர். துருவத்துக்கு மேல் பல மணி நேரம் பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளும் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே வரும். ஆசியாவில் ஏற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அமெரிக்காவில் பெரும்பாலும் ஏற்றும் ஜெட் ஏ மைனஸ் 40இலேயே உறையத் தொடங்கிவிடும். உறைநிலைக்கு மூன்று டிகிரி மேலே வரும்போதே விமானி எதையாவது செய்தாகவேண்டும். வேகத்தைக் கூட்டுவார், இல்லாவிட்டால் கொஞ்சம் கீழே இறங்கிச் சூடான காற்றைத் தேடுவார்.

மூன்றாவது, வழியில் ஏதாவது ஆனால் எங்கே இறங்குவது என்பது. இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய தூரத்தில்தான் எப்போதும் பறக்கவேண்டும். ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்திருக்கிறது, அதனால் அந்தக் கட்டு இப்போது தளர்ந்துவிட்டது. ஆனால் இறங்கிய பிறகு? வட துருவ ஓரத்தில் ஒரு சின்ன ஓடுபாதை, வெளியே மைனஸ் 35 டிகிரி, கையில் 150 பயணிகள். அமெரிக்க விதிப்படி, 78 பாகைக்கு வடக்கே பறக்கும் அந்நாட்டு நிறுவனங்கள், பயணிகளை அங்கிருந்து எப்படி மீட்டு வருவோம் என்று முன்பே திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும். குறைந்தது இரண்டு குளிர் தாங்கும் உடைகள் விமானத்துக்குள்ளேயே இருக்கவேண்டும், ஊழியர்கள் வெளியே இறங்கி வேலை பார்ப்பதற்காக. இத்தனைக்கும் துருவ வழி புழக்கத்தில் இருப்பதுதான். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் முழுக்கப் பெண்களே இருந்து, துருவத்துக்கு மேலாகத்தான் கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஆக, ஒவ்வொரு நாளும் அன்றைய காற்று, அனுமதி, கட்டணம், எரிபொருள் எல்லாவற்றையும் கணினியில் போட்டு, பல வழிகளை ஒப்பிட்டு, அன்றைக்கு எது சிக்கனமோ அதைத்தான் எடுக்கிறார்கள். நேற்றுப் போன வழியில் இன்று போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திரும்பி வரும்போது இன்னும் சுவாரசியம். நியூயார்க்கிலிருந்து வந்த வழியே பசிபிக்கில் திரும்பினால் அந்த 300 கி.மீ. காற்று முகத்தில் அடிக்கும். அதனால் பல நாட்களில் திரும்பும் விமானமும் கிழக்கு நோக்கியே கிளம்புகிறது. அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்கக் கடல் என்று சிங்கப்பூர் வந்து சேர்கிறது. இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்; அதனால் இரண்டு முறையும் காற்றோடு போகலாம். அம்மா போய் வந்துவிட்டால், பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருப்பார்கள். இதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்து, டிக்கெட்டில் அச்சிட்ட நேரம். அது வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. கேட்டில் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரும் நிமிடத்திலிருந்து, மறுமுனையில் கேட்டில் நின்று கட்டை வைக்கும் நிமிடம் வரைக்கும்தான் டிக்கெட் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஜே.எஃப்.கே. போன்ற நெரிசலான இடத்தில் வரிசையில் நிற்பது, தரையிறங்கிய பின் கேட் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். அதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கையிருப்பும் வைத்துக்கொள்கின்றன. எனவே 18 மணி 40 நிமிடம் என்று போட்ட விமானம் பதினெட்டு மணி நேரத்திலேயே வந்து நிற்பது ஒன்றும் அதிசயம் இல்லை.

மணியைக் கழித்துப் பார்ப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 2018இல் நுவார்க் சேவை மீண்டும் தொடங்கியபோது இருந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இரவு 11.35க்குக் கிளம்பி, மறுநாள் காலை 6.00க்கு நுவார்க். கழித்தால் ஆறரை மணி நேரம் போலத் தெரியும். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி பின்னால் இருக்கிறது. அதையும் சேர்த்தால் 18 மணி 25 நிமிடம். திரும்பும்போது காலை 10.45க்குக் கிளம்பி மறுநாள் மாலை 5.30க்குச் சிங்கப்பூர். கழித்தால் 30 மணி 45 நிமிடம், அதில் 12ஐ எடுத்துவிட்டால் 18 மணி 45 நிமிடம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், அப்போது வித்தியாசம் 13 மணி. அம்மா எந்த மாதத்தில் போகிறார்கள் என்று பார்த்துப் போடுங்கள். 2018 அக்டோபர் 11 அன்று கிளம்பிய அந்த முதல் விமானம், 18.25 என்று அட்டவணையில் இருந்ததை 17 மணி 52 நிமிடத்தில் முடித்துவிட்டது. நீங்கள் பார்த்த 17.50 அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அந்த இரவு விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஒரு விஷயம் பார்க்கலாம். கிளம்பும்போது நள்ளிரவு. ஐந்தாறு மணி நேரத்தில் பசிபிக் மேல் விடிந்துவிடும். சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் அந்தப் பகல் ஏழு மணி நேரத்துக்குப் பக்கம்தான் நிற்கும், அதற்குள் மறுபடி இருட்டு. இறங்கும்போது நியூயார்க் பக்கம் இன்னும் முழுதாக விடிந்திருக்காது. அம்மாவின் உடம்புக்கு இரண்டு இரவும் நடுவே ஒரு குட்டிப் பகலும் கழிந்திருக்கும், நாட்காட்டியிலோ ஒரே ஒரு தேதிதான் நகர்ந்திருக்கும்.

நேரமும் தூரமும் ஒன்றல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1943 முதல் 1945 வரை, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சிங்கப்பூர் ஜப்பான் வசம் போய்விட்டதால் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே விமானத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரிலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்குக் கடல் விமானம் ஓட்டியது. தூரம் சுமார் 5,600 கி.மீ.தான். கேட்டலினா என்ற அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 200 கி.மீ. சொச்சம். 27 மணி முதல் 33 மணி நேரம் வரை ஆனது. மூன்று பயணிகள், கொஞ்சம் தபால், மீதி எல்லாம் எரிபொருள். எதிரி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வானொலியைத் தொடாமல், நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயம் பார்ப்பதால் அதற்கு இரட்டைச் சூரியோதயம் என்றே பெயர். இன்றைய சிங்கப்பூர்–நியூயார்க் பயணத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரம், ஆனால் அதைவிட எட்டு முதல் பதினைந்து மணி நேரம் வரை கூடுதல். வழக்கமான பயணிகள் விமானச் சேவையில், வானத்தில் தொடர்ந்து இருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் அதை இன்னும் யாரும் மிஞ்சவில்லை.

அம்மா ஏறப்போகும் விமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழிக்காகவே ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறப்பதற்கானது) என்ற ரகத்தை வாங்கியது. சாதாரண ஏ350-900 விமானம் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் என்றால், இது 1,65,000 லிட்டர் கொள்ளும். எடையில் பார்த்தால் 130 டன்னுக்கு மேல். விமானம் கிளம்பும்போது அதிகபட்சம் 280 டன். அதாவது டாங்கை நிரப்பினால், எழும்புவதில் ஏறக்குறைய பாதி எரிபொருள்தான். முதல் சில மணி நேரம் எரிவதில் கணிசமான பங்கு, பின்னால் எரியப்போவதைச் சுமப்பதற்கே செலவாகிறது. அதனால்தான் 300 பேருக்கு மேல் உட்காரக்கூடிய விமானத்தில் 161 இருக்கை மட்டும் போட்டிருக்கிறார்கள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி இருக்கையே கிடையாது. விமானிகள் நான்கு பேர், மாறி மாறி ஓய்வெடுப்பார்கள். இதே வழியில் 2004இலேயே நான்கு எஞ்சின் ஏ340-500 ஓடியது. எரிபொருள் விலை ஏறியதும் கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சினில் அதே தூரத்தைக் கடக்கும் விமானம் வந்த பிறகுதான் திரும்பவும் தொடங்க முடிந்தது. ஜே.எஃப்.கே. சேவை 2020 நவம்பரில் வந்தது. இப்போது குவாண்டாஸ் இதையும் தாண்டி, சிட்னியிலிருந்து லண்டனுக்கு, சுமார் 17,000 கி.மீ., ஒரே மூச்சில் பறக்கத் திட்டமிட்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது.

நடுவில் இறங்கிப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸே ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் ஜே.எஃப்.கே.க்கு ஒரு சேவை நடத்துகிறது. சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200. மொத்தம் 16,500. கவனித்தீர்களா, நேரடி விமானம் பசிபிக்கில் சுற்றும் 16,700ஐவிட இது குறைவு! ஆனால் அட்லாண்டிக்கில் எதிர்க்காற்று, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி மறுபடி ஏறும் நேரம் எல்லாம் சேர்ந்து பயணம் 24 மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். ஆக, நடுவே இறங்கினால் கூடுவது ஐந்தாறு மணி நேரம். டிக்கெட் பெரும்பாலும் மலிவு, எகானமி இருக்கையும் உண்டு.

சென்னையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சென்னை–நியூயார்க் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 13,480 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 2,930 கூட்டல் 11,020, மொத்தம் 13,950, ஏறக்குறைய நேர்வழியேதான். சிங்கப்பூர் வழியாகப் போனால் 18,000 கி.மீ.யைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் யாரையாவது பார்க்கவேண்டும் என்றாலொழிய அது தேவையில்லாத சுற்று.

அம்மாவுக்கு எதை எடுப்பது? தனியாக, முதல்முறை, மொழி பெரிதாகப் பழக்கம் இல்லை என்றால் நான் நேரடி விமானத்தைத்தான் சொல்வேன். நடுவில் வேறு நாட்டு விமான நிலையத்தில் கேட் தேடி அலையும் கவலை இல்லை, பெட்டி தொலையும் வாய்ப்பும் குறைவு. ஆனால் முழங்கால் வலி, கால் வீக்கம், ரத்தம் உறையும் தொந்தரவு ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடக்கக் கிடைப்பது நல்லதாகவே இருக்கலாம். நடைபாதை ஓரத்து இருக்கை எடுங்கள், யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்க முடியும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால், 12 மணி வித்தியாசத்தில் எதை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளை மாத்திரையோடு கைப்பையில் வையுங்கள். சைவச் சாப்பாடும் சக்கர நாற்காலியும் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், கவுண்டரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து, அதே எண்ணுள்ள விமானம் தினமும் எந்த வழியில் போகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று விமானங்களைப் பின்தொடரும் ஏதாவது ஒரு செயலியில் பாருங்கள். அந்த ஏழு நாள் சராசரி, நீங்கள் அச்சில் பார்த்த எந்த எண்ணையும் விட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். நியூயார்க்கில் அம்மாவை அழைத்துப்போக வரும் உங்கள் சகோதரியிடமும் சொல்லிவையுங்கள்: பின்காற்று நன்றாக இருந்தால் விமானம் அரை மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிடும், ஆனால் குடிநுழைவு வரிசை தாண்டி, பெட்டி எடுத்து அம்மா வெளியே வர அதற்கு மேல் ஒரு மணி நேரமாவது ஆகும். டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு வெளிவாசலில் நின்றால் போதும்.